ஏகாதசியன்று கோதுமையில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்

1992, தை மாதம், வியாழக்கிழமை, காலை 7.20. மதுரையிலிருந்து கிளம்பிய பேருந்தில் நானும் என் மனைவி ராஜமும் இருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்துநான்கு கிலோமீட்டர். ஆளுக்கு ஏழரை ரூபாய். அங்கே ஒரு நாள், ராஜபாளையத்தில் ஒரு நாள், வெள்ளி இரவுக்குள் வீடு. நில அளவைத் துறையில் முப்பத்துமூன்று ஆண்டு வேலை பார்த்தவன் போட்ட திட்டம். அதில் ஓட்டை இருக்காது என்று நம்பினேன்.

கோதுமை என் குடலுக்கு ஆகாது, ஒரு சிட்டிகைகூடக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இருபத்தாறு மாதங்கள் ஆகியிருந்தன. தெரியாமல் உள்ளே போய்விட்டால் நான்கு மணி நேரத்துக்குள் வயிறு சொல்லிவிடும். பிறகு மூன்று நாள் படுக்கை. இரண்டு முறை வெளியூர் கிளம்பி, இரண்டு முறையும் பாதியில் திரும்பியிருந்தோம். "இதுலயும் பாதியில திரும்பினா இனி எங்கயும் போக வேண்டாங்க. நானும் கேக்க மாட்டேன்" என்றாள் ராஜம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

9.50. ராஜத்தின் சித்தி மகன் கோவிந்தன் பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார். வளையல் கடைக்காரர். கோதுமை ஆகாது என்று முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன்.

11.30க்கு இலை போட்டார்கள். வெள்ளை ரவை உப்புமா, கேசரி, சேமியா பாயசம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பிடுங்கத்தான். கோதுமையே சேக்கல. சப்பாத்தி போடலாம்னு இருந்தவளைத் தடுத்துட்டேன்" என்றார் கோவிந்தன்.

"ரவை கோதுமைதான் மாப்பிள்ளை."

"அப்ப சேமியா?"

"அதுவும்."

"சேமியா மைதாவுலல்லா செய்யுதாக! மைதா மரவள்ளிக் கிழங்குல்லா!"

"மைதாவும் கோதுமைதான்."

அவர் மனைவி செண்பகம் கரண்டியோடு நின்றுவிட்டாள். "சோறு இருக்குமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு ஏகாதசி. நாங்க உலையே வைக்க மாட்டோம்."

பேருந்து நேரம், தூரம், கோயில் நடை சாத்தும் நேரம் எல்லாம் குறித்து வைத்தவன் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அரிசியைத் தொடக்கூடாத நாளில், எனக்கு நஞ்சான தானியத்தையே விருந்தாக வைக்கிற வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஹோட்டலுக்குப் போனால் ராஜத்துக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் தலைகுனிவு. அவளோ இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். கோயில் கோபுரம் நூற்றுத்தொண்ணூற்றிரண்டு அடி; இரண்டு பழத்தை நம்பி அவ்வளவு உயரம் அண்ணாந்து பார்க்க முடியாது.

"பால்கோவா தின்னலாம்லா? வெறும் பாலும் சீனியும்தான். எங்க விரதத்துக்கும் ஆகும், ஒங்களுக்கும் ஆகும்" என்றாள் செண்பகம்.

"சில இடத்தில் இறுகுவதற்காக மாவு சேர்ப்பார்களாமே."

"நம்பிக்கை இல்லேன்னா அடுப்புக்கிட்டயே போயி உக்காருங்க!" என்று சிரித்தாள். அதையே செய்தேன்.

பிற்பகல் 1.10. கோவிந்தனுக்குத் தெரிந்த பால்கோவா அடுப்பு, ரத வீதிக்குப் பின்னால். ராஜமும் கூட வந்தாள். பத்து லிட்டர் பால் கொதித்துக்கொண்டிருந்த இரும்புச் சட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தேன். கிண்டுகிறவர் என்னையும் என் குறிப்பேட்டையும் பார்த்தார்.

"சார் சுகாதார இன்ஸ்பெக்டரா?"

"இல்லை. வயிற்று நோயாளி."

"அப்ப நல்லாப் பாத்துக்கோங்க. இன்ஸ்பெக்டர்னா செத்த நேரத்துல போயிருவாக. நீங்க போற மாதிரி தெரியலையே!"

புளிய விறகு நின்று எரிந்தது. சீனி இரண்டு முறை விழுந்தது. துடுப்பு ஒரு நொடி ஓயவில்லை. பால் சுண்டி, மஞ்சள் ஏறி, சட்டியின் ஓரத்தை விட்டு உருண்டு வந்தபோது மணி 2.25. எழுபத்தைந்து நிமிடங்களில் பாலும் சீனியும் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அதற்கு நான் சாட்சி. கால் கிலோ பத்து ரூபாய். சூடாக, மணல்மணலாக, வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். பாதியை எனக்கு, பாதியை ராஜத்துக்கு என்று பிரித்தவன், என் பாதி தீர்ந்ததும் இன்னொரு கால் கிலோ வாங்கினேன்.

மாலை 4.30 முதல் கோயில். கோபுரத்தின் பதினொரு நிலைகளையும் எண்ணினேன். ஆண்டாள் அவதரித்த துளசி நந்தவனம், மாலை சூடி முகம் பார்த்ததாகச் சொல்லும் கிணறு, வெளியே ஓய்ந்து நின்ற பெரிய தேர். ராஜம் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தேன். 6.40. நான்கு மணி நேரம் தாண்டியிருந்தது. வயிறு பேசவில்லை.

"என்னங்க?" என்றாள், பயந்துபோய்.

"ஒன்றுமில்லை. பசிக்கிறது."

வெள்ளிக்கிழமை, துவாதசி. காலை 6.45க்கே செண்பகம் இலை போட்டுவிட்டாள்: புழுங்கல் அரிசிச் சோறு, அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. விரதம் இருந்தவர்களைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

9.15க்கு ராஜபாளையம், பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். மேற்கே ஐயனார் கோயில் ஓடைக்குப் போய்ப் பாறையில் உட்கார்ந்து கால் நனைத்தோம். ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் பால் வெள்ளை நிறத்தில் ராஜபாளையம் நாய் ஒன்று. அதன் மூக்கு இளஞ்சிவப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

1.00. ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் நடத்துவது. "கோதுமை இருக்கிறதா?" என்று நான் இனிமேல் கேட்பதில்லை. "இதில் என்னென்ன போட்டீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பதுண்டு. ஆகவே அதையும் கேட்டேன்.

"சாம்பாருல காயம் உண்டு, ரசத்துல கிடையாது, பூண்டுதான்" என்றவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எம்மாடி, பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டுக் கேள்வி கேக்கல!"

கடையே சிரித்தது. ராஜம் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். ரசம் மூன்று முறை வாங்கினேன்.

5.10. பேருந்து நிலையம். என் கடிகாரப்படி நான்கு மணி நேரம் முடிந்து பத்து நிமிடம். மதுரை வண்டி வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம், "புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி!" என்று ஒரு நடத்துநர் கூவினார். மதுரையில் என் சமையலறையில் எல்லா டப்பாவிலும் என் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். இருபத்தாறு மாதமும் அங்கே வயிறு கெடவில்லை. ஆனால் அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்கு எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை. நான் இடப்பக்கம் திரும்பினேன்.

"மாத்துத் துணி இல்லையேங்க" என்றாள் ராஜம், எனக்கு முன்னால் படியேறிக்கொண்டே.

"தென்காசிக்கு எத்தனை சார்?" என்றார் நடத்துநர். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ரெண்டு."