டிராயிங் டீச்சரின் மழை மேகம்

எங்கள் தொடக்கப் பள்ளியின் டிராயிங் டீச்சருக்கு ரப்பர் என்றாலே ஆகாது. பத்தொன்பது வருடமாக ஒரே சட்டம்: வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லா ரப்பரும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். "கோடு தப்பாப் போச்சா? மறைக்காதே. பக்கத்துலயே சரியாப் போடு" என்பார். அவர் குரலை உயர்த்தினால் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் எனக்கே சாக்பீஸ் நழுவும்.

போன வாரம் மூன்றாம் வகுப்புக்கு வானம் தீட்டிக் காட்டினார். தாளை நனைத்து, நீலத்தை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் பிரஷ்ஷைத் தண்ணீருக்குப் பதிலாகத் தன் டீயில் முக்கிவிட்டார். வானத்தில் பழுப்பு பரவியது. டீச்சர் அசரவில்லை. "பாத்தீங்களா, மழை மேகம் இப்படித்தான் வரும்" என்றார்.

அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாக டீ கொண்டுவந்துவிட்டார்கள். பின்னாலேயே எறும்பும் வந்தது. சத்தம் கேட்டு நானும் தலைமையாசிரியையும் ஓடினோம்.

முதல் பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் தண்ணீர் வைத்திருந்தாள். "நீ ஏம்மா டீ கொண்டுவரல?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"டீச்சர் அன்னிக்குத் தெரியாமத்தானே டீயில முக்குனாங்க?"

"அப்படி இல்லம்மா, அது ஒரு டெக்னிக்..." என்று டீச்சர் இழுத்தார்.

சிறுமி எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ரப்பர் வேணுமா டீச்சர்?"