ஊசி பூஜ்யத்தில் நின்ற மாலை

போன வாரம் வீட்டு இன்வெர்ட்டர் மக்கர் பண்ணியது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் உள்ளங்கை அளவு மீட்டரை எடுத்து, பாட்டரியில் இரண்டு கம்பிகளை வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் எண் வந்துவிட்டது. "அவ்ளோதான் சார், பாட்டரி போச்சு" என்று எழுந்துவிட்டார். இன்வெர்ட்டருக்குள்ளிருந்து வந்த சூடான தூசி வாசனை மட்டும் என்னை நேராக சிப்காட்டில் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கருவிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்களிடம் ஒரு பழைய வோல்ட்மீட்டர் இருந்தது. சட்டைப்பையில் போடுகிற சாமானாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும். முகத்தில் வரிசையாகத் திருகுகள், மேலே ஒரு ஊசி, உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். வால்வுகள் சூடேறி நிதானத்துக்கு வர அரை மணி நேரம் பிடிக்கும். அப்போது இதே தூசி வாசனைதான் வரும்.

சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அதைச் சரிபார்த்து எடுத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து அம்மா பக்கத்திலேயே இருக்கும் கீரப்பாளையத்தில் பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் மீட்டரும் மடியுமாக உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் மாமாவுக்கு வந்ததே கோபம்!

"டேய் மாப்ள, பொண்ணு பாக்க வரியா, ரேடியோ ரிப்பேருக்குப் போறியா? எங்கனா கடையில வச்சிட்டு வாடா."

"முடியாது மாமா. உள்ள கண்ணாடி செல் ஒண்ணு இருக்குது. சாய்ச்சா, குலுக்குனா கெட்டுப்பூடும்."

பெண் வீட்டில் எனக்கு வந்த காப்பியை வைக்கக்கூட மடியில் இடமில்லை. "இன்னா தம்பி அது?" என்றார் பெண்ணின் அப்பா. நான் வாயைத் திறந்ததுமே மாமா என் காலை மிதித்தார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெண், இயற்பியல் படித்த கலைச்செல்வி, "போட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

போட்டேன். அரை மணி நேரம் என்றதும் பெரியவர்கள் பொறுமையிழந்து நாற்றங்காலைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் அம்மா மட்டும் கதவருகே காவல்.

நான் விளக்கினேன். அந்தச் செல்லின் மின்னழுத்தம் மாறவே மாறாது. அதோடு ஒப்பிட்டுத்தான் கருவி தன் அளவை ஒழுங்காக வைத்துக்கொள்கிறது. திருகுகளுக்குப் பின்னால் உள்ள மின்தடைகள் அந்த அளவைப் பத்தாகப் பிரிக்கும். அடுத்த திருகு அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாக்கும். நாம் திருகி எடுத்ததையும் பாட்டரியையும் எதிரெதிரே நிறுத்தினால், வித்தியாசத்தை மட்டும் ஊசி சொல்லும். அதிருகிற சின்னத் தகடு ஒன்று அந்தத் துளி வித்தியாசத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்க, வால்வுகள் அதைப் பெரிதாக்கும். ங்ங்ங் என்று முனகுவது அந்தத் தகடுதான்.

"ஊசி பூஜ்யத்துக்கு வந்தா?"

"ரெண்டும் சமம். அப்ப இது பாட்டரிகிட்டேர்ந்து கரண்ட்டே எடுத்துக்காது. திருகுல இருக்கற நம்பர்தான் பதில்."

"எதையும் எடுத்துக்காம அளக்குதா? பரவாயில்லியே! இதுக்கு முன்னாடி பாக்க வந்தவங்க சீரா மோட்டார் கொட்டாய வரைக்கும் கேட்டாங்க."

கதவருகே அவள் அம்மா இருமினாள்.

டார்ச் லைட்டிலிருந்து ஒரு பாட்டரியை உருவி வந்து கலைச்செல்வியே திருக ஆரம்பித்தாள். ஊசி இப்படியும் அப்படியும் ஓடியது. நாற்றங்காலிலிருந்து திரும்பிய கூட்டம் மொத்தமும் மீட்டரின் மேல் கவிழ்ந்தது. கடைசித் திருகு. ஊசி நடுங்கி, நடுவில் வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா அதை 'உஸ்ஸ்' என்று விட்டார்.

"ஒண்ணு புள்ளி நாலு எட்டு..." என்று அவள் படிக்கப் படிக்க, அவள் அப்பாவின் முகம் சிவந்தது. "ஒன்றரைன்னு போட்டிருக்கான்! புதுசுன்னு சொல்லி ஏமாத்திட்டான் பாரு!"

"வேணாம்னு சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன்" என்று கல்யாணமான பிறகு கலைச்செல்வி சொன்னாள். "சிப்காட்டு காத்த யாரு சுவாசிக்கறதுன்னு. உங்க மாமா மூச்சு உட்டாரு பாருங்க, சிரிச்சிட்டேன். அப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?"

வோல்ட்மீட்டர் சில வருடங்களில் கிடங்குக்குப் போனது. அங்கிருந்து எங்கே போனதோ தெரியாது. மாமனார் மட்டும் விடவில்லை. ஊரில் யார் வீட்டு டார்ச் மங்கினாலும் பாட்டரியை வாங்கி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலிலிருந்தே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மீட்டர் மாப்ள!" என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கீரப்பாளையத்தில் எனக்கு நல்ல மரியாதை. எல்லோரும் 'சார்' என்கிறார்கள்.