எட்டேகால் மணிப் பள்ளம்

பொறாமையே இல்லாத ஆள் மாதிரி நடிக்க எனக்கு வராது. அந்தப் பொண்ணு சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள மேடம் எதுக்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டாங்க. நான் ஒன்பது வருஷமா பெங்களூர் சிவாஜிநகர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி ஹெப்பகோடி வந்து, மொட்டை மாடி வெயில்ல கறுத்தவன். வயிறு எரியாம என்ன பண்ணும்?

எங்களுது சோலார் கம்பெனி. ஒரு இடத்துல எவ்வளவு வெயில் விழுதுன்னு அளக்க ஒரு கருவி உண்டு; உள்ளங்கை அகலம், மேல கண்ணாடிக் குமிழ். புது வேலைக்கு நான் ஒரு கருவியைச் சொன்னேன், அவ வேறொண்ணைச் சொன்னா. "சண்டை எதுக்கு, ரெண்டையும் மாடியில வெச்சுப் பார்த்துடலாம்"ன்னாங்க மேடம். லேப்ல சரிபார்த்த கருவி நடுவுல. அதோட எது ஒட்டி வருதோ, அதைச் சொன்னவங்கதான் அந்த வேலைக்குத் தலை.

தினம் மூணு குமிழையும் துடைக்கிறது என் பொறுப்பு. பக்கத்துலயே கட்டட வேலை, ஒரே சிமெண்ட் தூசி. முதல் வாரம் ஒழுங்காத்தான் துடைச்சேன். கம்ப்யூட்டர்ல தினசரி மொத்தத்தைக் கோடாப் போட்டுப் பார்த்தா, எங்க ரெண்டு கோடும் நடுக் கருவியோட கோட்டை ஒட்டியே போச்சு. அவளுது இன்னும் கொஞ்சம் ஒட்டி. அதுக்கப்புறம் அவளுதை மட்டும் விட்டுட்டேன். உடைக்கலை, திருடலை, துடைக்கலை, அவ்வளவுதானே! அவ கோடு நாளுக்கு நாள் இறங்குச்சு. எனக்கு கேன்டீன் டீகூட இனிச்சுது.

மாசக் கடைசியில அவ கிராஃபைத் திரையில போட்டா. நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. அய்யோ, அப்பதான் பார்த்தேன். தினமும் எட்டேகாலுக்கு, துணியோட என் கை குமிழை மறைச்ச அந்த நிமிஷம், கோட்டுல ஒரு பள்ளம். நடுக்கோட்டுல இருந்துச்சு, என் கோட்டுல இருந்துச்சு. அவ கோட்டுல முதல் வாரத்தோட நின்னு போயிருந்துச்சு.

அவ மவுஸ் அந்தப் பள்ளத்து மேல கொஞ்சம் நின்னுது. என்னைப் பார்த்தா.

"யாகம்மா, உன்னுது மட்டும் இப்படி இறங்குது?"ன்னாங்க மேடம்.

"தூசி மேடம். அண்ணா ஒருத்தரே மூணையும் பார்க்கிறது கஷ்டம். இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம், நானும் கூடத் துடைக்கிறேன்."

நாலு பேர் முன்னாடி திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நல்ல மனசும் இவளுக்கேதானா? முன்னைவிட அதிகமா எரிஞ்சுது.

மறுநாள் எட்டு மணிக்கே மாடியேறி அவ குமிழைத்தான் முதல்ல துடைச்சேன், பளபளன்னு. அதுதான் ஜெயிக்கும்னு எனக்கு முதல் வாரமே தெரியும்.