மஞ்சள் துணியில் முடிந்து வைத்த போன்

அடியார்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது, அதனால் எழுதித் தருகிறேன். தில்லை நடராசர் என் பிள்ளைக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் பிள்ளையின் வாயைக் கட்டியவள் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டுக்காரர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். அவர் கொண்டுவரும் மீனைக் குழம்பு வைத்து, வீடியோ எடுத்துப் போடுவேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு லைக் ஏறாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் யாரும் சூடான குழம்பைக் கண்டதில்லை. கேமரா சாப்பிட்டு முடித்த பிறகுதான் மனுஷர்களுக்கு.

மகன் கதிர் தவழ்ந்த நாளிலிருந்தே, நான் வீடியோ எடுக்கும்போது ஏதாவது மழலை பேசினால், மீன் பொரிகிற சத்தம் கெட்டுவிடும். உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. பிள்ளை கற்றுக்கொண்டான். நான் போனைத் தூக்கினாலே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான். அதையும் எடுத்து, "சமத்துக்குட்டி" என்று பேர் வைத்துப் போட்டேன். என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

இரண்டரை வயதாகியும் அவன் ஒரு சொல் பேசவில்லை. அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். போன ஆடி மாதம் பயம் தாங்காமல் கடலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். காது நன்றாகக் கேட்கிறது என்றார். எழுதித் தந்த சீட்டைப் படம் எடுக்க நான் போனைத் தூக்கினேன். கதிர் சட்டென்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா அவனையே பார்த்தார். "இத யாரும்மா புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

போனைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வீட்டிலும் ஓயாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து முதலில் என்ன செய்தேன் தெரியுமா? "என் மகனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பதிவு போட்டேன். கை கூப்பிய படங்கள் வந்து குவிந்தன. எத்தனை வந்திருக்கிறது என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து கோயிலுக்குப் போனேன். "சாமி, இவன் பேசட்டும். அவன் பேசுற மொத வார்த்தைய உன் பேரச் சொல்லி வீடியோவா போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கே விளம்பரம் தருகிறேன் என்றேன், பாருங்கள்!

அப்போது சிதம்பர ரகசியத்தின் திரையை விலக்கினார்கள். அங்கே உருவம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் வெளி, அதில் தங்க வில்வ மாலை. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒன்றும் இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய சாமி இருக்கிறார். நானோ என் வீட்டில் ஒரு நிமிஷத்தைக்கூடச் சும்மா விட்டதில்லை. என் பிள்ளையின் பேச்சு வந்து உட்கார அங்கே இடம் ஏது?

அங்கேயே வேண்டுதலை மாற்றினேன். "வீடியோ போடமாட்டேன் சாமி. ஒரு மண்டலம் அந்தப் போனத் தொடமாட்டேன். எம்புள்ள வாயத் தொறந்து வுடு."

எங்கள் பக்கம் வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைப்போம். நான் போனையே முடிந்து வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன்டி, சாமி ரீல்ஸ் பாக்கப் போவுதா?"

"பாக்கட்டும் மாமா. நான் பாத்ததே ஜாஸ்தி."

அவசரத்துக்கு ஒரு பட்டன் போன் வாங்கித் தந்தார்.

முதல் வாரம் கை நமநமவென்று இருந்தது. மஞ்சள் மூட்டையைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் பட்டேன். மீன் ஆயும்போது கதிரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன். "இது சங்கரா. இது மத்தி. இது கவல, முள்ளு ஜாஸ்தி." அவன் என் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினான். அந்தச் சின்ன விரல் படும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் பேசினேன். வெள்ளிக்கிழமை பயிற்சியை விடவில்லை. நாற்பது நாளும் தாண்டிவிட்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகவே சிதம்பரம் போனேன். மனசு விட்டுப் போயிருந்தது. மணிகள் முழங்கின. திரை விலகியது. கேட்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. அழுகை வெளியே வராமல் இருக்க என் வாயை நானே இறுகப் பொத்திக்கொண்டேன்.

கதிர் என்னைப் பார்த்தான். என் கையைப் பிடித்து இழுத்தான். ஒவ்வொரு விரலாக வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"ம்மா" என்றான். "ம்மா, ம்மா."

அத்தனை மணிச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாமி என் எதிரில் நின்றிருந்தாலும் அதற்குமேல் நடுங்கியிருக்க மாட்டேன். வீடியோ எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த முதல் சொல்லை உலகத்தில் கேட்டது இரண்டே பேர், நானும் நடராசரும்.

இப்போது நெட்டில் என் பக்கம் இல்லை, வீடியோ இல்லை. வீட்டில் எல்லோரும் குழம்பைச் சுடச்சுடச் சாப்பிடுகிறோம். உங்களை நான் போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மண்டலம் முடியாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரமாவது அதை முடிந்து வையுங்கள். காலியாக விட்ட இடத்துக்கு அவர் வருவார். எனக்கு வந்தார்.

இதை எழுதும் இந்த நேரத்திலும் கதிர் என் காதருகே நின்று, "மத்தி! கவல! மத்தி!" என்று கத்திக்கொண்டிருக்கிறான். எழுத விடமாட்டேன் என்கிறான். பழைய பழக்கத்தில் என் விரல் உதடு வரை போய்விட்டது. இறக்கிவிட்டேன். கத்தட்டும்.