தண்ணீர் விடுமுன் கேட்ட கேள்வி

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. ஆனால் ஈப்போவில் புல் வெட்டும் குத்தகை எடுக்கிறவர்களில் என்னைத் தெரியாதவன் எவனும் கிடையாது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கையில் ஒரு மண்வெட்டியோடு வெளியே வந்தவன், இன்று சிம்பாங் பூலாயில் மாடி வீடு கட்டி, இரண்டு லாரியும் பதினாறு மெஷினும் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத் திடல், சாலையோரம், இடுகாடு என்று என் ஆட்கள் வெட்டாத புல் இல்லை. அந்தக் காது கிளினிக்குக்குள் நுழைந்தபோதும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

போனது எனக்காக இல்லை, என் வீட்டுக்காரிக்காக. இரண்டு மூன்று வருஷமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டு முன்னால் என் லாரி பின்பக்கமாக வந்தது. பீப் பீப் என்று தெருவே அலறுகிறது. இவள் துணி காயப் போட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். நான் ஓடிப்போய்க் கண்டபடி திட்டினேன். வாயைத்தான் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அடுத்த தடவை டிரைவர் பார்க்காவிட்டால்?

கிளினிக்கில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். என் பேத்தி வயசுதான் இருக்கும். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு காதும் ஃபுல்லா அடைச்சிருக்கு அங்கிள். கல்லு மாதிரி இருக்கு. உள்ள ஒன்னுமே தெரியல."

"அழுக்குதானே, எடுத்துப் போடுலா. என் மெஷின்கூட இப்படித்தான் அடைச்சுக்கும். காத்து அடிச்சா பறந்துரும்."

"ஆண்டி மெஷின் இல்லையே அங்கிள்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு என் வீட்டுக்காரியிடம் கேட்டாள். "ஆண்டி, முன்னாடி காதுல சீழ் வந்திருக்கா? ஆபரேஷன் ஏதும் செஞ்சீங்களா? அடி பட்டிருக்கா?"

என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். வங்கியானாலும் முனிசிபாலிட்டி ஆனாலும் அவளுக்குப் பதில் சொல்கிறவன் நான்தான்.

"அதெல்லாம் ஒன்னும் கிடையாது. நீ எடுமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள். உள்ள சவ்வுல ஓட்டை இருந்தா தண்ணி விடக்கூடாது. எனக்கு இப்ப சவ்வு தெரியல, அதான் கேக்குறேன்."

"இல்லைன்னா இல்லைதான்."

தாளில் ஒரு கோடு போட்டாள். என் வீட்டுக்காரியின் தோளில் துண்டைப் போட்டு, கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து இடது காதுக்குக் கீழே பிடிக்கச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய ஊசிக்குழாயில் இழுத்தாள். என் வீட்டுக்காரி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அந்த இடது காதையே பார்த்தேன்.

தோட்டம் மூடப்போகிற சமயம் அது. எல்லாரும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது நான் மட்டும் ஒரு புல் வெட்டும் மெஷின் வாங்கினேன். அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆள். அதை இவள் தன் தம்பிக்கு இரவல் கொடுத்துவிட்டாள். கல்லில் பட்டுப் பிளேடு உடைந்து திரும்பி வந்தது. பட்டப்பகல், வாசலில் ஆட்கள். வலது கையால் ஓங்கி ஒன்று விட்டேன். சுவரில் போய் விழுந்தாள். ஒரு வாரம் அந்தக் காதிலிருந்து தண்ணீராக வடிந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்துக்கொண்டு பால்மரம் சீவப் போனாள். நான் குடிக்காதவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். அன்றைக்கும் குடிக்கவில்லை.

"நிறுத்துமா," என்றேன்.

குழாய் காதருகில் நின்றது. "என்ன அங்கிள்?"

"அடி பட்டிருக்கு. அந்தக் காதுதான்."

"விழுந்தாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது போதும். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நான்தான் அறைஞ்சேன். தண்ணியா வடிஞ்சுச்சு."

அவள் என்னை ஏசவில்லை. குழாயைத் தட்டில் வைத்துவிட்டு, தாளில் முன்பு போட்ட கோட்டை அடித்து ஏதோ எழுதினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

என் வீட்டுக்காரி கண்ணைத் திறந்தாள். "ஏங்க, என்னாச்சு? ஏன் வச்சிட்டா?"

அவள் காதுக்குப் பக்கத்தில் போனேன். "தண்ணி விடக்கூடாதாம். நான் சொல்லிட்டேன்."

"என்னது?"

"உன்ன அறைஞ்சத சொல்லிட்டேன்."

"கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க."

திடலின் இந்த மூலையில் நின்று கூப்பிட்டால் அந்த மூலையில் மெஷினை நிறுத்துவார்கள், அப்படிப்பட்ட தொண்டை எனக்கு. அதைத் திறந்தேன். "உன்ன அறைஞ்சேன்ல! அத இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்!"

கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

என் வீட்டுக்காரிக்குக் கோபம் வரவில்லை, அழவும் இல்லை. கடையில் எந்த அளவு வேண்டும் என்று கேட்கிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எந்தத் தடவ?"

என் மண்டையில் இருந்தது அந்த ஒரு தடவைதான். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷமும் ஒரே தடவை அடித்தவனாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதும் மற்றது ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. சோறு குழைந்த நாள், அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் தாமதமாக வந்த நாள், ஈப்போவுக்கு வந்த பிறகு, இந்த மாடி வீட்டுக்குள்ளேயே. அந்தப் பெண் திரும்பி நின்று, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த தட்டை மறுபடி ஒழுங்கு செய்தாள்.



இடது காதில் இருந்ததை அந்தப் பெண் தண்ணீர் இல்லாமல், மெல்லிய கொக்கியாலும் உறிஞ்சுகுழாயாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வெகுநேரம் ஆனது. என் வீட்டுக்காரி வலியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கை பக்கத்தில்தான் இருந்தது. எல்லாம் வந்த பிறகு சின்னத் திரையில் காட்டினாள். வெளுத்த தோலில் ஒரு பக்கம் கறுப்பாக ஓட்டை.

"பழசு அங்கிள். தண்ணி விட்டிருந்தா நேரா உள்ள போயிருக்கும். மயங்கி விழுந்திருப்பாங்க, சீழ் வச்சிருக்கும்."

வலது காதுக்கு மட்டும் தண்ணீர் விட்டாள். புளியங்கொட்டை மாதிரி வந்து விழுந்தது. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தாள். வலது காது வயசுக்கு ஏற்ற மாதிரி நன்றாக இருந்தது. இடது காதில் அநேகமாக ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தாள்.

காரில் ஏறியதும், "வலிக்குதா?" என்று கேட்டேன், பழைய பழக்கத்தில் சத்தமாக.

"கத்தாதீங்க. இப்ப கேக்குது."

வீடு வரும்வரை அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மலாய்க்காரர். சவ்வை ஒட்டவைத்துப் பார்க்கலாம், போன காது திரும்பி வராது என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவளே மலாயில் சொல்லிவிட்டாள். புருஷன் அடித்தது. ஆபரேஷன் வேண்டாம் என்பதையும் அவளே சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்தக் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்து அடைக்கவேண்டும் என்றார்.

தானே வைத்தால் அவளுக்குச் சரியாக அடைபடுவதில்லை. முதல் வெள்ளிக்கிழமை ஹாலில் உட்கார்ந்திருந்த நான், "இங்க கொண்டா, நான் வச்சு விடுறேன்," என்றேன்.

"பரவால்லைங்க, இருக்கட்டும்," என்றாள்.

பஞ்சையும் வாஸ்லின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் போனாள். கேட்டருகே நின்று அந்த அம்மாவிடம் இடது காதைச் சாய்த்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போகிறாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.