அத்தானின் தங்கக் காது

என் அக்காள் கணவர் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. பீற்றிக்கொள்வதெல்லாம் தன் காதைப் பற்றி. ஸ்பீக்கருக்கு விரல் தடிமனில் புது வயர் வாங்கியதும் பாட்டில் ஆழம் வந்துவிட்டதாம். அவருடைய நண்பரான பல் டாக்டர் நாளெல்லாம் பல் துளைக்கும் மிஷின் இரைச்சலில் நிற்பவர். அவரோ, பழைய வயரில்தான் இனிமை என்று ஒற்றைக்காலில் நின்றார். இதற்காக இரண்டு பேரும் மாதக்கணக்கில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

போன ஞாயிறு பரீட்சை. பழைய வயரில் ஒரு பாட்டு ஓடியது. இருவரும் தவசிகள் மாதிரி கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு, புது வயரை மாற்றும்படி அக்காவை ஸ்பீக்கருக்குப் பின்னால் அனுப்பினார்கள். அதே பாட்டு மறுபடி ஓடியது.

"ஆகா, என்ன ஆழம்!" என்றார் அத்தான்.

"இனிமையே செத்துப்போச்சு!" என்றார் டாக்டர்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க. வயரைப் பிடிச்சிருக்கிற திருகு இறுகிக் கிடக்கு, கழட்டவே முடியல. ஓடுனது பழைய வயர்தான்."

இனியாவது வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன்.

அத்தான் மெல்லச் சொன்னார்: "பாத்தீங்களா டாக்டர்? திருகைத் தொட்டதுக்கே இவ்வளவு மாறுது!"

டாக்டர் பக்தியோடு தலையாட்டினார்.

இப்போது இருவரும் ஒற்றுமையாக, தங்கமுலாம் பூசிய திருகு தேடி அலைகிறார்கள்.