தெயூரா அண்ணி தின்ற பன்றி

பொமாரே எப்படி ராஜாவானார் என்று எங்கள் பாப்பாராப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையைத்தான் சொல்வார்கள். ஜெபம் பாதியில் நின்றது, துப்பாக்கி வெடித்தது, எங்கள் தலைவர் விழுந்தார், பொமாரே ஜெயித்தார். எல்லாம் சரிதான். ஆனால் நான் என் அண்ணியைச் சொல்வேன். அவள் ஒரு துண்டு பன்றிக்கறியைக் கடித்திருக்காவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கு ஜனம் இன்னும் மலையிலேயே உட்கார்ந்திருக்கும்.

தெயூரா அண்ணி மரப்பட்டையைக் கட்டையால் அடித்துத் துணியாக்குபவள். அந்தக் கட்டையின் சத்தத்தைவிட அவள் பேச்சு தூரமாகக் கேட்கும். என் அண்ணன் மாத்தாஹி அதற்கு நேரெதிர். மனிதருக்கு அஞ்சமாட்டான், சாமிக்கு அஞ்சி நடுங்குவான். ஓரோ சாமியின் கோயில் பக்கம் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான்.

எல்லார் வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் இரண்டு குழியடுப்பு, இரண்டு புகை. அவனுடையது அவனுக்கு, அவளுடையது அவளுக்கு. பெண் சமைத்ததை ஆண் தின்றால் அவன் சாவான். ஆண்களின் பன்றிக்கறியைப் பெண் வாயில் வைத்தால் அவள் சாவாள். சூரியன் கிழக்கே உதிப்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா? அப்படித்தான் இதுவும்.

ராஜாவுக்கே உரிய சிவப்பு இறகுப் பட்டையை இடுப்பில் கட்டும் உரிமை யாருக்கு என்று பொமாரே வம்சத்துக்கும் எங்கள் தலைவர் வம்சத்துக்கும் பாட்டன் காலத்துப் பகை. ஒருமுறை தோற்றுப் பக்கத்து மோரேயா தீவில் ஒதுங்கிய பொமாரே அங்கே வெள்ளைக்காரப் போதகர்களின் கடவுளைப் பிடித்துக்கொண்டார். அதோடு பங்காளிச் சண்டை சாமிச் சண்டையும் ஆகிவிட்டது. அண்ணியின் தம்பி புனுவாவும் அந்த ஜெபக்காரர்களோடு தோணி ஏறிவிட்டான். அதன்பின் அண்ணன் அவன் பெயரையே வாயில் எடுத்ததில்லை.

பொமாரே படையோடு திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் அண்ணன் தொடையில் குண்டு பாய்ந்தது. நானும் அண்ணியும் அவனைத் தோளில் தாங்கி மலைக்குகைக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். ஜெயித்தவன் தோற்றவனின் பெண்டு பிள்ளைகளை வெட்டுவான், வீட்டைக் கொளுத்துவான், ஈரப்பலா மரத்தின் பட்டையை உரித்துச் சாகவிடுவான். நாங்களும் ஜெயித்தபோது அதையேதான் செய்தோம். மற்ற ஆண்கள் எல்லாரும் குடும்பத்தோடு எட்டாத முகடுகளுக்கு ஓடிவிட்டார்கள்.

மலையில் காட்டு வாழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைச் சுடாமல் தின்ன முடியாது. சுட்டது பெண்களான நாங்கள் இருவரும், அண்ணன் தொடவில்லை. தானே தீ மூட்டப் போய் மயங்கி விழுந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது.

"யோவ், ஒரு வாய் தின்னுய்யா. நான் என்ன விஷமா வச்சேன்?" என்றாள் அண்ணி.

"உன் கையால தின்னா செத்துருவேன் தெயூரா."

"தின்னலேன்னா மட்டும்?"

"அது குண்டுபட்டுச் சாகுறது. கௌரவம்" என்றான் அண்ணன்.

அப்போதுதான் கீழே ஒருவன் கத்திக்கொண்டு போனான். ராஜா சொல்லி அனுப்பியிருக்கிறாராம், யாரையும் தொடமாட்டார்களாம், வீட்டுக்கு வரச் சொல்கிறாராம். நம்புவதற்கு நாங்கள் என்ன முட்டாள்களா? எந்த முகட்டிலிருந்தும் ஒரு தலை அசையவில்லை.

அண்ணி எழுந்து நின்றாள். "நான் கீழ போறேன்."

"வெட்டிப்போட்டுருவாங்க அண்ணி!" என்றேன்.

"வெட்டட்டும். அதுக்கு முன்னாடி அவங்கள்ல ஒரு ஆம்பளையப் பிடிச்சு, இவனுக்குச் சமைச்சுக் குடுத்துட்டு அப்புறமா வெட்டுடான்னு சொல்றேன்."

எதிரிப் படைக்குள் சமையலுக்கு ஆள் தேடிப் போனவள் இந்த உலகத்திலேயே என் அண்ணி ஒருத்திதான் இருப்பாள்.

கீழே நடந்ததை அவள் வாயாலேயே நூறு முறை கேட்டிருக்கிறேன். வீடு கொளுத்தப்படாமல் நின்றது. ஈரப்பலா மரப் பட்டையில் ஒரு கீறல் இல்லை. முற்றத்தில், அவளுடைய அடுப்பில், புனுவா ஒரு பன்றியை வேகவைத்து எடுத்திருந்தான். அவனும் அவன் பெண்டாட்டியும் ஒரே இலையில் கைவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி கண்ணைப் பொத்திக்கொண்டாளாம்.

"அக்கா! உசுரோட இருக்கியா!" என்று புனுவா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ. உங்க மாமா பட்டினியில சாகுறார். வந்து ஆம்பளைக் கையால ஏதாவது சமைச்சுக் குடு."

புனுவா தலையைச் சொறிந்தான். "நான் சமைச்சா மாமா தின்னமாட்டாருக்கா. நான்தான் இவளோட ஒரே அடுப்புல தின்னுறேனே. அவர் கணக்குல நானும் தீட்டுதான்."

"வேற எவனாவது?"

"எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். ராஜா வரைக்கும்."

அந்தக் கரையில் அண்ணனுக்குச் சமைக்கத் தகுந்த ஆண் ஒருவன்கூட இல்லை. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். புனுவாவின் பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எவ்வளவு நாளா தின்னுற?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அண்ணி" என்றாள் அவள். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தாளாம்.

அண்ணி எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் திட்டுவாள்: "பயத்துல ருசி எங்க தெரிஞ்சது? அது ஒண்ணுதான்டி எனக்கு வருத்தம்."

மீதியை இலையில் சுற்றிக்கொண்டு மலை ஏறி வந்தாள். உதட்டில் கொழுப்பு மின்னியதைப் பார்த்து நான் அலறிவிட்டேன். அண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க?"

"தின்னுட்டு வந்திருக்கேன்" என்று இலையை அவன் முன்னால் விரித்தாள். "வெயில் அந்த முகட்டுல இறங்குற வரைக்கும் என்னையே பாரு. செத்தேன்னா இதைத் தொடாதே. சாகலேன்னா தின்னு. பொம்பளை தின்ன பன்றி, பொம்பளை அடுப்புல வெந்தது. எல்லாத் தீட்டும் இதுலயே இருக்கு, ஒண்ணும் பாக்கியில்ல."

பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் மூக்கு, கழுத்து, நகம் எல்லாவற்றையும் பார்த்தோம். வெயில் முகட்டை நெருங்கக்கூட இல்லை; அதற்குள் அண்ணிக்கு விக்கல் எடுத்தது.

ஒரு விக்கல். இன்னொன்று. அவள் முகம் வெளுத்தது. வாயாடி அண்ணி அன்றுதான் முதல்முறையாகப் பேச்சற்று உட்கார்ந்தாள். தெயூரா அண்ணி போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அண்ணன் அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நகர்ந்தான். இலையில் கைவிட்டுப் பெரிய துண்டாக எடுத்து வாயில் திணித்தான்.

"யோவ்! வெயில் இன்னும் இறங்கலய்யா!" என்று அண்ணி அவன் கையைப் பிடித்தாள்.

அவன் அழுதுகொண்டே மென்றான். "நீ போறதா இருந்தா நானும் வர்றேன். தனியா விடமாட்டேன்."

விக்கல் நின்றுவிட்டது. யாரும் சாகவில்லை. இருப்பதைப் பங்குபோட்டு மூவரும் தின்றோம். நான் எலும்பைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் பட்டப்பகலில், பாதையின் நடுவே இறங்கினோம். முகடுகளிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் தொடாததையும், எங்கள் முற்றத்திலிருந்து ஒரே ஒரு புகை வெகுநேரம் எழுந்துகொண்டிருந்ததையும் கண்ட பிறகு ஒவ்வொரு குடும்பமாக இறங்கி வந்தது. பாப்பாராவில் பொமாரே ராஜாவானது அன்றைக்குத்தான். இரக்கம் காட்டியது அவர். அதில் அவருக்குக் குறை வைக்கமாட்டேன். ஆனால் அது நிஜம்தானா என்று கடித்துப் பார்த்தது என் அண்ணி.

இப்போது மூவரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். நான் பிரசங்கத்தில் தூங்குவேன், வயதாகிவிட்டது. வீடு திரும்பியதும் பன்றியின் வயிற்றுத் துண்டு யாருக்கு என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெருவே கேட்கும்படி சண்டை நடக்கும். எப்போதும் அண்ணிதான் ஜெயிப்பாள். ஆனால் தின்னும்போது அவளுக்கு விக்கல் வந்தால் போதும், அண்ணன் நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிடுவான். அந்த ஒரு வாய்க்கு மட்டும் அவள் சண்டை போடுவதில்லை.